வானிலை உண்டு, செய்தி இல்லை

திருச்செந்தூர்க் கடற்கரைக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். நேர்க்கோட்டில் அளந்தால் கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வானொலி அலைக்குக் கடல் தடையே இல்லை. தரையைவிட உப்புத் தண்ணீரின் மேல் அது இன்னும் தெளிவாகப் போகும். அதனால் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து அமலிநகர், ஆலந்தலை, மணப்பாடு வரையிலான கரையூர்களில், 1960களிலும் 70களிலும் டிரான்சிஸ்டர் வாங்கிய வீடுகளில் இரண்டு அரசாங்கங்களின் குரல் கேட்டது. முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் திருநெல்வேலி நிலையம், கொஞ்சம் நகர்த்தினால் இலங்கை வானொலி. ஒன்று டெல்லியின் சொத்து, மற்றது கொழும்பின் சொத்து.

அரசாங்கம் ஊடகத்தைக் கைக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று பேசும்போது வடகொரியாவையும் பழைய சோவியத் நாட்டையும் உதாரணம் காட்டுவது வழக்கம். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இந்தக் கரையில் இப்போது எழுபதைத் தாண்டிய எவரும் இரு பக்கத்து அனுபவத்தையும் தன் காதாலேயே பெற்றவர்தான். அந்த அனுபவம் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. அரசாங்க வானொலி முழுக்கப் பொய் சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை. நாள் முழுக்க அது சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அந்த உண்மையால் கிடைத்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான், சொல்லாமல் விட்டதை இல்லாததாகவே ஆக்கியது.

பஞ்சாயத்து ரேடியோவை நினைவிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஊர் நடுவில் சின்ன அறை, பூட்டிய கதவு, உள்ளே வால்வு ரேடியோ, வெளியே கம்பத்தின் உச்சியில் புனல் வாய் ஒலிபெருக்கி. சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் வந்து பூட்டைத் திறந்து, பெட்டியைப் போட்டு, அது சூடாகும்வரை காத்திருப்பார். முதலில் இரைச்சல், பிறகு குரல். அவர் எந்த நிலையத்தை வைக்கிறாரோ அதுதான் ஊருக்கு. மணலில் வலையைப் பரப்பிப் பொத்தல் தைத்துக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்தாமல் கேட்பார்கள். உழவர் நிகழ்ச்சி, மாநிலச் செய்தி, கச்சேரி, டெல்லிச் செய்தி. ஆகாசவாணி என்று தொடங்கி சரோஜ் நாராயண்சுவாமி தன் பெயரைச் சொல்லும்போது அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. சொந்தமாக ரேடியோ வைத்திருந்தவர்களோ ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1980களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

அந்த மரியாதைக்கு முதல் காரணம் வானிலை அறிக்கை. வாடைக் காற்று தொடங்கும் மாதங்களில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை வானொலிக்குப் போகும். மன்னார் வளைகுடாவில் காற்று எந்தத் திசையிலிருந்து எந்த வேகத்தில் வீசும், தூத்துக்குடித் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது, மீனவர்கள் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று நிதானமாக வாசிப்பார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைப் பார்த்த தலைமுறை அது. ரேடியோவில் சொல்லிவிட்டான் என்றால் வள்ளம் கரையேறும், மறுபேச்சு கிடையாது. காற்றைப் பார்த்தும் நீரோட்டத்தைப் பார்த்தும் கடலை அறிந்த மனிதர்கள், தங்கள் அறிவோடு இந்தப் பெட்டியின் வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார்கள். பெட்டி பெரும்பாலும் அவர்களைக் கைவிடவில்லை. கந்த சஷ்டியில் திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரத்தின் நேர்முக வர்ணனை, பரீட்சை முடிவு, ஆற்றில் வெள்ளம் என்ற அறிவிப்பு எல்லாமே அப்படித்தான். உயிரை நம்பி ஒப்படைத்த ஒரு குரலை டெல்லிச் செய்தியில் மட்டும் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

1975 ஜூன் 26 காலை அந்தக் குரல் நெருக்கடி நிலையை அறிவித்தது. முந்தின நாள் இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டிருந்தார். அதே இரவில் டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அச்சு இயந்திரம் ஓடவில்லை. காலையில் பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசி, பதற்றப்பட வேண்டாம் என்றார். தலைநகரில் பல பத்திரிகைகள் வெளிவராத காலையில் வானொலி மட்டும் பேசியது. அது தற்செயல் அல்ல, திட்டம். சில நாட்களுக்குள் தகவல் ஒலிபரப்புத் துறை ஐ.கே. குஜ்ராலிடமிருந்து வித்யா சரண் சுக்லாவின் கைக்கு மாறியது. செப்டம்பரில் வானொலி நிலைய இயக்குநர்களின் கூட்டத்தில் இந்திரா காந்தி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். வானொலி அரசாங்கத்தின் அங்கம், அப்படித்தான் இருக்கும், அதன் நம்பகத்தன்மை பற்றிய கவலை தேவையில்லை என்பது அவர் பேச்சின் சாரம். எந்த நம்பிக்கையின் மேல் தாம் நின்று பேசுகிறோம் என்பதை ஒரு பிரதமர் அவ்வளவு எளிதாக ஒதுக்கியதை இன்று நினைத்தாலும் மனம் கசக்கிறது.

அந்த மாதங்களில் ஒரு செய்தி டெல்லியிலிருந்து திருச்செந்தூர் டீக்கடைப் பெஞ்சுக்கு வந்து சேர எத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்று பார்ப்போம். 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்தார்கள். எதிர்த்த மக்கள்மேல் போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள். ஒரு நிருபர் அதைப் பார்த்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வேலை செய்யும் செய்தி நிறுவனம் எது? முன்பு பி.டி.ஐ., யு.என்.ஐ., ஹிந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி என்று நான்கு இருந்தன. ஒன்று விட்டதை இன்னொன்று தரும். 1976 பிப்ரவரியில் நான்கையும் இணைத்து ‘சமாச்சார்’ என்று ஒரே நிறுவனமாக்கிவிட்டார்கள். ஆக, தமிழ்ப் பத்திரிகையின் டெலிபிரிண்டரில் டெல்லிச் செய்தி வரும் கதவு ஒன்றே ஒன்று. அதைத் தாண்டினால் தணிக்கை அதிகாரியின் மேஜை. அச்சாகும் முன் பக்கத்தை அங்கே காட்டி அனுமதி வாங்க வேண்டும். வெட்டிய இடத்தை வெற்றிடமாக விட்டால் வாசகர் புரிந்துகொள்வார் அல்லவா? ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஜூன் 28-ஆம் தேதி தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு அதைச் செய்தது. உடனே வெற்றிடம் விடுவதற்கும் தடை வந்தது. வெட்டியதும் தெரியக் கூடாது, வெட்டுப்பட்ட தடமும் தெரியக் கூடாது.

தணிக்கைக்கு அடங்காத பத்திரிகை என்றால் அதன் பணப்பையில் கை வைப்பார்கள். இறக்குமதிக் காகிதம் அரசின் ஒதுக்கீட்டில்தான் கிடைக்கும். அரசு விளம்பரம் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க, பத்திரிகைகளை நட்பானவை, நடுநிலையானவை, பகையானவை என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். இது பிறகு, இந்திரா காந்தி தோற்றபின் வந்த ஜனதா அரசு 1977 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அம்பலமானது. பத்திரிகை கவுன்சிலை ஒழித்தார்கள். நாடாளுமன்றத்தில் பேசியதை அச்சிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்புத் தந்த சட்டம், பெரோஸ் காந்தி கொண்டுவந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம், அதையும் நீக்கினார்கள். அதை நீக்கியது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு. இவ்வளவும் தாண்டி டீக்கடைக்கு வந்தது இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டமும், ரயில்கள் நேரத்துக்கு ஓடுவதும், விலைவாசி இறங்கியதும்தான். துர்க்மான் கேட் வரவில்லை.

டீக்கடைப் பெஞ்சு என்று சொன்னது சும்மா இல்லை. திருச்செந்தூரை ஒட்டிய காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கும் பழக்கம் இந்தப் பக்கத்துக் கடைகளில் வேரூன்றியதற்கு அந்தப் பத்திரிகை பெரிய காரணம். சாதாரண ஜனங்களின் கைக்குச் செய்தியைக் கொண்டுவந்த மண் இது. இங்கேயும் அந்த இருபத்தொரு மாதம் ஏறக்குறைய எல்லாப் பத்திரிகைகளும் ஒரே பத்திரிகையாகத்தான் இருந்தன.

தெற்குச் சீமையின் மனதை அதிகம் தொட்டவர் காமராஜர். நெருக்கடி நிலையை அவர் ஏற்கவில்லை. நாட்டுக்கு என்ன ஆகிவிட்டது என்ற வேதனையோடுதான் கடைசி மாதங்களைக் கழித்தார். திருச்செந்தூர், சாத்தான்குளம், நாசரேத் பக்கம் அவர் படம் மாட்டாத வீடு குறைவு. ஆனால் அந்த வீடுகளில் இருந்த ரேடியோ அவர் வேதனையைச் சொல்லவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று அவர் இறந்தார். அதை வானொலி விரிவாகச் சொன்னது. பிரதமர் சென்னைக்கு வந்து இறுதி மரியாதை செலுத்தினார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது அவர் பேச்சுக்கு இடம் இல்லை. இறந்தபின் அவர் பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டுமானாலும் உண்டு. மாறுபட்ட குரலை அடக்கிவிட்டு அதே மனிதரைத் தன்னவர் என்று காட்டிக்கொள்வது எல்லாக் கட்டுப்பாட்டு ஊடகத்துக்கும் கைவந்த வேலை.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதியின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அன்றிரவே கைதுகள் தொடங்கின. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தில் யார் யார் உள்ளே போனார்கள் என்று அச்சிட வழியில்லை. மூன்றாவது நாள், பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். தி.மு.க. பத்திரிகையான ‘முரசொலி’யில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணாவின் நினைவிடத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்களின் பெயர்கள். தணிக்கை அதிகாரி அதில் குற்றம் காண முடியாது. நினைவு நாளுக்கு வர முடியாதவர்களின் பெயர்தானே! ஆனால் தன் பிள்ளை, தன் அண்ணன் கைதானாரா என்றே தெரியாமல் தவித்த குடும்பங்களுக்கு அந்தப் பட்டியல் போதும். கட்சிக்காரர்கள் அதை விரல் வைத்துப் படித்தார்கள். ‘துக்ளக்’கில் அதன் ஆசிரியர் சோ அட்டையைக் கறுப்பாக அச்சிட்டு வெளியிட்டதும் இதே நெருக்கடி நிலைக் காலம்தான். தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் எழுதப்பட்ட எத்தனையோ தலையங்கங்களைவிட, வெறும் பெயர்களாலான அந்த ‘முரசொலி’ப் பட்டியலை நான் உயர்வாக நினைக்கிறேன். அது எவரையும் திட்டவில்லை. வானொலி சொல்லாமல் விட்டதை மட்டும் சொன்னது.

சென்னை மத்திய சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் நடந்த அடிஉதை முழுமையாக வெளியே வந்தது ஆட்சி மாறி, நீதிபதி இஸ்மாயில் விசாரணை நடத்திய பிறகு. பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச்சில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும், நெருக்கடி நிலை முடிந்து தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுப் போட்ட பிறகுதான் ஊரறிந்தது. நாடு முழுக்க மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் சேர்த்து 1,10,000-க்கும் மேற்பட்டோர் கைதானதாக, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பிற்பாடு கணக்குச் சொன்னது. அவ்வளவு பேர் காணாமல் போன நாட்டில், காலைச் செய்தி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகத் தொடங்கவில்லை.

1977 மார்ச் தேர்தல் முடிவைப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34-ஐ காங்கிரஸ், அ.தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் அணி பிடித்தது. திருச்செந்தூர்த் தொகுதியில் காங்கிரஸின் கே.டி. கோசல்ராம் வென்றார். எம்.ஜி.ஆரின் செல்வாக்கு, தி.மு.க. மீது சர்க்காரியா கமிஷன் ஏற்றிய ஊழல் சந்தேகம், கோசல்ராமுக்கு இந்த வட்டாரத்தில் இருந்த சொந்தப் பெயர் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் நெருக்கடி நிலையில் நடந்த கட்டாயக் கருத்தடையும் துர்க்மான் கேட்டும் வடக்கே ஒவ்வொரு தெருவிலும் கண்ணால் கண்டவை. பத்திரிகை மறைத்தாலும் வாய்வழியே பரவியவை. நமக்கோ அவை மொழி தாண்டி, மாநிலம் தாண்டி ஊடகம் வழியாக மட்டுமே வந்திருக்க முடியும். அந்த வழி அடைபட்டிருந்தது. பக்கத்து வீட்டில் நடந்ததை யாராலும் மறைக்க முடியாது. தூரத்தில் நடந்ததை மறைப்பது சுலபம். தணிக்கையின் முழு பலமும் தூரத்தில்தான் இருக்கிறது.

சரி, முள்ளை நகர்த்திக் கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். 1952-இல் டெல்லியில் தகவல் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து ஒதுக்கினார். ஜனங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அரசாங்கமே தீர்மானிக்கும் என்ற எண்ணம்தான். நாடே முள்ளைத் திருப்பியது. ஆகாசவாணியின் பாட்டுச் சேவையான விவித பாரதி 1957-இல் வந்து சமாளிக்கும் முன்பே இலங்கை வானொலி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழைக் கேட்டு உச்சரிப்புக் கற்றவர்கள் இந்தக் கரையில் அநேகம். காயல்பட்டினத்துக்காரர்களுக்குக் கொழும்பு வியாபார ஊர். மச்சானோ மாமாவோ அங்கே கடை வைத்திருப்பார். நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயர் வந்தால் தெருவே சந்தோஷப்படும். டெல்லியின் இறுக்கத்திலிருந்து தப்பி ஓடிய இடமாக அது இருந்தது.

அதுவும் அரசாங்க வானொலிதான் என்பது பாட்டுக் கேட்கும்போது நினைவுக்கு வராது. அங்கேயும் அதே முறை. பாட்டு உண்டு, நாடகம் உண்டு, அறிவிப்பாளரின் அன்பான குரல் உண்டு, செய்தி அரசாங்கத்தினுடையது. பத்திரிகைகளிலோ 1973-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு லேக் ஹவுஸ் நிறுவனத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. சிங்களத் ‘தினமின’, ஆங்கில ‘டெய்லி நியூஸ்’, 1932 முதல் வெளிவந்துகொண்டிருந்த தமிழ்த் ‘தினகரன்’ எல்லாம் அதற்குள் அடக்கம். பங்குகளைப் பிறகு பொதுமக்களுக்குப் பகிர்ந்து தருவோம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதன்பின் எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அதைக் கண்டித்தவர்களும் ஆட்சிக்கு வந்ததும் ஆசிரியரை மட்டும் மாற்றிவிட்டு நிறுவனத்தை வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1974 ஏப்ரலில், அரசோடு ஒத்துப்போகாத குணசேன பத்திரிகை நிறுவனத்துக்குச் சீல் வைத்தார்கள். ‘தினபதி’, ‘சிந்தாமணி’ என்ற தமிழ்ப் பத்திரிகைகளும் அதோடு நின்றன. 1977 வரை கதவு திறக்கவில்லை.

இப்படி ஏற்கெனவே பழக்கப்பட்ட நாட்டில்தான் 1981 மே 31 இரவு யாழ்ப்பாணத்தில் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் இருந்த பொது நூலகம் எரிந்து சாம்பலானது. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. கொழும்பில் வெளியான தேசியப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக வெளியிடவில்லை. தெற்காசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்று எரிந்த செய்தி, அதே தீவில் முன்னூறு நானூறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தவனுக்குக் காலைப் பத்திரிகையில் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தபோது, ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன 28-ஆம் தேதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். கொல்லப்பட்ட தமிழர்களுக்காக அந்த உரையில் ஒரு அனுதாபச் சொல் இல்லை. கரையில் இருந்து பாட்டுக் கேட்டுப் பழகிய நம் ஜனங்கள், அதே நாட்டின் குரலில் இந்த மௌனத்தையும் கேட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த மச்சான் உயிரோடு இருக்கிறாரா என்பதை அறிய அந்த வானொலி உதவவில்லை. லண்டன் பி.பி.சி. தமிழோசைக்குக் காது கொடுத்தார்கள்.

பேரழிவையே மறைக்க முடியுமா என்று கேட்கலாம். முடிந்திருக்கிறது. நாம் எமர்ஜென்சியில் இருந்த 1976 ஜூலை 28-இல் சீனாவின் தாங்ஷான் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. இறந்தவர்கள் 2,42,000 பேர் என்பதை அந்த நாடு 1979-இல்தான் வெளியிட்டது. அதுவரை சீன ஊடகம் எழுதியதெல்லாம் மீட்புப் பணியின் வீரமும் கட்சியின் வழிகாட்டுதலும். 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. சுவீடனில் கதிரியக்கம் பதிவாகிக் கேள்வி எழுந்த பிறகு 28-ஆம் தேதி மாலைதான் மாஸ்கோ தொலைக்காட்சி சில வரிகளில் சொன்னது. பக்கத்து ஊர்க் குழந்தைகள் அந்த இரண்டு நாளும் வெளியே விளையாடினார்கள். வானிலையைக்கூட ஒளிக்கும் கட்டத்துக்கு ஒரு அரசு போய்விட்டால், ரேடியோ மேல் இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விடும். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பஞ்சத்தைப் பற்றி இதைத்தான் சொன்னார். சுதந்திரப் பத்திரிகை உள்ள ஜனநாயக நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. 1958-க்கும் 61-க்கும் இடையில் சீனாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது அதைச் சொல்ல அங்கே ஒரு பத்திரிகையும் இல்லை.

இந்தியா இன்று அப்படிப்பட்ட நாடு அல்ல. ஒக்கி புயல் 2017 நவம்பர் இறுதியில் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை நேரத்தில் சேரவில்லை என்று கன்னியாகுமரிக் கரையே கொதித்தது. குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். டிவி அதைக் காட்டியது. அரசு பதில் சொல்ல வேண்டிவந்தது. 1976-இல் இதில் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் மறுகரையில் நின்றும் பார்க்க வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தி பரவக் கூடாது என்பது காரணம். ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள், பிணவறையில் யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்த ஊரில் அது எதை நிறுத்தியது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கிச் சூட்டை டிவி பார்த்துத்தான் அறிந்தேன் என்றார் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. அது உண்மையல்ல என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வேனின் மேல் நின்று சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் குறிபார்க்கும் காட்சியை மட்டும் எவராலும் தடுக்க முடியவில்லை. செய்திக் கேமரா அங்கே இருந்தது.

வானொலிக்கு அந்த விடுதலை இன்னும் வரவில்லை. எமர்ஜென்சி முடிந்ததும் ஜனதா அரசு பி.ஜி. வர்கீஸ் தலைமையில் குழு அமைத்தது. ‘ஆகாஷ் பாரதி’ என்ற சுதந்திர அமைப்பு வேண்டும் என்று அது 1978-இல் பரிந்துரைத்தது. பிரசார் பாரதிச் சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நிதியும் நியமனமும் டெல்லியின் நிழலிலிருந்து இன்றும் முழுதாக விலகவில்லை. அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்னது. பிறகு தனியார் பண்பலைகள் வந்தன, சமுதாய வானொலிகளும் வந்தன. ஆனால் சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப இவற்றில் எதற்கும் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, திருவிழா, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை அறிவிப்பு ஆகியவை செய்தி ஆகாது, அவற்றைச் சொல்லலாம் என்கிறது விதி. எதைச் சொல்லி நம்பிக்கை பெறலாம், எதை அரசு தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்ற பஞ்சாயத்து ரேடியோ காலத்துக் கோட்டை அப்படியே எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

பாம்பனில் 2016 முதல் ‘கடல் ஓசை’ என்று மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி நடக்கிறது. 90.4-இல் அலையின் உயரம், காற்றின் வேகம், மீன்வளம் எல்லாம் அவர்கள் பாஷையிலேயே சொல்கிறார்கள். அதே கரையிலிருந்து போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், எந்தப் படகு, எத்தனை பேர், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தானே விசாரித்து, கரையில் நிற்கும் பெண்களுக்குச் செய்தியாகச் சொல்ல அந்த வானொலிக்கு விதி இடம் தரவில்லை. பாதுகாப்புக்கு ஆபத்து, இத்தனை நிலையங்களைக் கண்காணிக்க வசதி இல்லை என்று மத்திய அரசு காரணம் சொல்லிவருகிறது. செய்திப் பத்திரிகைகள் பல்லாயிரம் வருகின்றன, செய்தி டிவிகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன, கையிலிருக்கும் போனில் எவரும் எதையும் சொல்கிறார்கள். அவை எவற்றுக்கும் பொருந்தாத காரணம், பாம்பனில் ஒரு சிறு அறையில் மைக்கின் முன் உட்கார்ந்திருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?